கண்டாங்கித் துணிக்கு எந்த நட்சத்திரம்?

அப்பத்தாவின் மரப்பெட்டியைத் திறந்தபோது மேலாகவே இருந்தது அந்த அரக்குக் கண்டாங்கி, கட்டம் போட்ட செட்டிநாட்டுக் கைத்தறிச் சேலை. எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டங்கள் இன்னும் அழுத்தமாக நின்றன. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் ஊடை நூல் அறுந்து, பாவு நூல் தனியாகத் தொங்கியது. சேலையாக இனிக் கட்ட முடியாது. ஆனால் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் நல்ல துணி நிறைய இருந்தது. அதை வெட்டி ஒரு நட்சத்திரப் போர்வை தைக்கலாம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எந்த நட்சத்திரம் என்று முடிவாகத்தான் மூன்று மாதம் ஆனது.

துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மேல்புறம், நடுவில் பஞ்சோ பழந்துணியோ, கீழே ஒரு முழுத் துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். குயில்ட் என்பது இவ்வளவுதான். நட்சத்திரம்தான் அதில் மிகப் பழகிய வடிவம். நமக்கும் அது புதிதில்லை. இரண்டு சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்று திருப்பி வைத்த எட்டு முனை நட்சத்திரத்தை மார்கழியில் வாசலில் போடுகிறோம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் மிதிக்கிறோம். வெட்டித் தைப்பது மட்டும்தான் புதிது.

நான்கு வகையை எடுத்துக்கொண்டேன்: சாடூத் ஸ்டார், ஒஹாயோ ஸ்டார், லோன் ஸ்டார், கொடிகளில் வருகிற ஐந்து முனை நட்சத்திரம். நான்கையும் அதே கண்டாங்கியில் தைத்துப் பார்த்தேன். அழகில் எது முந்துகிறது என்று முதலில் யோசித்தேன். தைக்கத் தைக்க அந்தக் கேள்வி பின்னால் போய்விட்டது. கையில் இருக்கும் துணி எதைத் தாங்கும் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் சாடூத். ரம்பப்பல் மாதிரி முனைகள் கொண்ட எட்டு முனை நட்சத்திரம். போர்வையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சதுரத்தைத்தான் பிளாக் என்கிறோம். 12 இன்ச் பிளாக்குக்கு நட்சத்திர நிறத்தில் 6½ இன்ச் சதுரம் ஒன்று, 3⅞ இன்ச் சதுரம் நான்கு. பின்னணி நிறத்தில் 7¼ இன்ச் சதுரம் ஒன்று, மூலைகளுக்கு 3½ இன்ச் சதுரம் நான்கு. தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் இன்ச் இதில் அடக்கம். முனைகளைத் தைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 7¼ இன்ச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் 3⅞ இன்ச் சதுரம் இரண்டை வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மிச்சம் இருக்கும் மூலையில் இன்னொரு சின்னச் சதுரம் வைத்து, மறுபடி அதே தையல், அதே வெட்டு. நான்கு பக்கத்துக்கும் வேண்டிய நான்கு துண்டும் தயார். துளி துணிதான் வீணாகும்.

இந்தக் கணக்கில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. வெட்டி முடித்ததும் பிளாக்கின் வெளி ஓரம் நான்கும் நேர்நூலில், அதாவது நூல் ஓடும் திசையிலேயே, நிற்கின்றன. கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டுப்பட்ட ஓரம் ஒன்றுகூட வெளியே வராது. தைத்த பிறகுதான் வெட்டு விழுகிறது என்பதால், உள்ளே வரும் கிராஸ் ஓரத்தையும் கை இழுப்பதற்கு வழியில்லை. பல வருஷம் துவைத்துத் தளர்ந்த கைத்தறித் துணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒஹாயோ ஸ்டாரும் பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஒன்பது கட்டம். நடுவிலும் மூலைகளிலும் 4½ இன்ச் சதுரங்கள். மற்ற நான்கு கட்டங்களில் ஒவ்வொன்றும் நான்கு முக்கோணம் சேர்ந்தது. அவற்றுக்கு 5¼ இன்ச் சதுரங்களை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்ட வேண்டும். இதிலும் வெளி ஓரம் நேர்நூல்தான். ஆனால் அந்த நான்கு முக்கோணங்கள் கூடும் புள்ளியில் தையல் மேல் தையலாக ஏறி, கண்டாங்கியின் கனத்தில் ஒரு முடிச்சு மாதிரி தட்டுப்படும். கால் மிஷினில் 14-ஆம் நம்பர் ஊசி அந்த இடத்தில் தயங்கியது. 16 போட்ட பிறகுதான் ஓடியது. கட்டம் போட்ட துணியில் இன்னொரு சிக்கல்: முக்கோணம் நான்கிலும் கட்டம் நான்கு விதமாக வெட்டுப்பட்டு, நட்சத்திரம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. வெற்று நிறத் துணி என்றால் ஒஹாயோ மிக அழகு. கண்டாங்கிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லோன் ஸ்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதல் ஆசை அதன்மேல்தான். போர்வை முழுவதும் ஒரே நட்சத்திரம். நடுவிலிருந்து நிறம் நிறமாக விரிந்து, சூரியன் மாதிரி நிற்கும். ஸ்டார் ஆஃப் பெத்லகேம் என்றும் இதற்குப் பெயர் உண்டு, அதனால் கிறிஸ்துமஸுக்குத் தைக்கிறவர்கள் தேடிப்போவதும் இதைத்தான். அமெரிக்காவின் லகோட்டா பழங்குடியினர் இதே அமைப்பில் போர்வை தைத்து, ஒருவரைச் சிறப்பிக்க அவருக்குப் போர்த்துகிறார்கள். நம் ஊரில் பொன்னாடை போர்த்துவது போல. அந்த மரியாதைக்கு ஏற்ற தோற்றம்தான் அது.

நட்சத்திரத்தில் எட்டுப் பெரிய சாய்சதுரங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்குக்கு நான்கு என்று வைத்தால் 16 சின்னச் சாய்சதுரம், மொத்தம் 128. தனித்தனியாக வெட்டத் தேவையில்லை. நீளப் பட்டைகளைப் படிபோல் தள்ளித் தள்ளித் தைத்து, 45 பாகையில் குறுக்கே வெட்டினால் வரிசை வரிசையாகக் கிடைக்கும். ஆனால் அந்த 45 பாகை வெட்டு முழுக் கிராஸ். ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் இரண்டு ஓரம் நேர்நூல், இரண்டு ஓரம் இழுத்தால் நீளும் கிராஸ். எட்டும் கூடும் மையத்தில் கணக்குத் துளியும் பிசகக் கூடாது. ஒவ்வொரு கோணத்திலும் ஒரு பாகை கூடினால் எட்டும் சேரும்போது எட்டுப் பாகை கூடிவிடும்.

எனக்கு அதுதான் நடந்தது. ஒன்பது நாள் தைத்து முடித்து, பட்டாலைக் கூடத்துத் தரையில் விரித்தேன். ஓரங்கள் கல்லில் படிந்தன, நடு மட்டும் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஓர் அங்குலம் எழும்பி நின்றது. உள்ளங்கையால் அமுக்கினால் பக்கத்தில் எழும்பும். இஸ்திரி போட்டாலும் ஆறியதும் பழையபடி. பிரித்துப் பார்த்தபோது கிராஸ் ஓரங்கள் ஒவ்வொன்றும் வெட்டிய அளவைவிட அரைக்கால் இன்ச் நீண்டிருந்தன. தைக்கும்போது என் கையே இழுத்துவிட்டிருக்கிறது. அப்பத்தாவின் சேலையில் கிட்டத்தட்ட ஒரு கெஜம் அதில் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இதற்கு ஒரு மருந்து நம் வீட்டிலேயே உண்டு: கஞ்சி. சோற்றுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கி, வெட்டுவதற்கு முன்பே துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். துணி காகிதம் மாதிரி விறைத்துவிடும். கிராஸில் வெட்டினாலும் அசையாது. தைத்து முடித்ததும் மறக்காமல் அலசிவிட வேண்டும், கஞ்சியோடு பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கும். இப்படிக் கஞ்சி போட்ட டூ பை டூ ரவிக்கைத் துணியில் இரண்டாவது லோன் ஸ்டார் தைத்தேன். தரையோடு தரையாகப் படிந்தது. ஆகவே அது கெட்ட வடிவம் இல்லை. மெலிந்த பழஞ்சேலைக்கு ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

ஐந்து முனை நட்சத்திரத்துக்கு வருவோம். தேசப்பற்றுக் குயில்ட் என்றால் அமெரிக்காவில் சிவப்பு, வெள்ளை, நீலம். அவர்கள் கொடியில் 50 ஐந்து முனை நட்சத்திரங்கள் இருப்பதால் அது அவர்களுக்கு இயல்பு. 2003-இல் அங்கே தொடங்கிய குயில்ட்ஸ் ஆஃப் வேலர் அமைப்பு, ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குத் தைத்த போர்வைகளை மரியாதையாக வழங்கிவருகிறது. ஐந்து முனையைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது கடினம், முனைக் கோணம் 36 பாகைதான். காகிதத்தில் வரைந்து அதன்மேல் துணியை வைத்துத் தைக்கலாம், அல்லது நட்சத்திரத்தை வெட்டி மேலே பதித்து ஓரத்தை மடித்துத் தைக்கலாம். நான் இரண்டையும் செய்தேன். பதித்துத் தைத்ததே நன்றாக வந்தது.

ஆனால் நம் கொடியில் இருப்பது 24 ஆரங்கள் கொண்ட சக்கரம். நட்சத்திரம் கிடையாது. இதில் கவனிக்க வேண்டிய விதியும் ஒன்று உண்டு. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, திண்டு, கைக்குட்டை போன்றவற்றில் தேசியக் கொடியைப் பூவேலை செய்யவோ அச்சிடவோ கூடாது. காலில் படும், அழுக்காகும் போர்வைக்கும் அந்த உணர்வு பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எனவே மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை என்று அந்த வரிசையில் வைக்காதீர்கள், சக்கரமும் வேண்டாம். காவி நட்சத்திரமும் பச்சை நட்சத்திரமும் பழுப்பு வெள்ளைப் பின்னணியில் மாறி மாறி, பின்புறம் கருநீலம். சுதந்திர தினம் மனதில் வரும், கொடியும் ஆகாது. இதற்கும் எட்டு முனைச் சாடூத்தே போதும். நம் கோலத்து நட்சத்திரம் அது. ஐந்து முனை இங்கே கடன் வாங்கியது போலத்தான் தெரிகிறது.

இந்த நிறங்களுக்குக் கண்டாங்கியைவிடக் கதர் பொருத்தம். நெடுங்காலம் கொடிக்கு உரிய துணியாக இருந்தது என்பது ஒரு காரணம். 1927-இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்து ஊர் ஊராகக் கதருக்கு ஆதரவு திரட்டினார் என்பது இந்த மண்ணோடு சேர்ந்த இன்னொரு காரணம். கதர் சுருங்கும், வெட்டும் முன் இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. கண்டாங்கியின் சொந்த நிறங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலையின் நிறங்களுக்கு மேல் பண்டிகைக் களை வேறெதில் வரும்? புதுக் கண்டாங்கி வாங்கி வெட்டலாமா என்று என் அயித்தை மகள் கேட்டாள். வெட்டலாம், ஆனால் புதிதில் சாயம் இறங்கும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால், ஒட்டாமல் போகும் வரைக்கும் அலசுங்கள். வெள்ளைப் பின்னணியில் அரக்கு ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பழையதில் அந்தப் பயம் கிடையாது, எல்லாச் சாயமும் எப்போதோ இறங்கி முடிந்திருக்கும்.

கட்டத்தின் அளவையும் பாருங்கள். முனைக்கு வரும் முக்கோணம் 3 இன்ச்தான். அதற்குள் பெரிய கட்டம் போட்டால் பாதிக் கட்டம்தான் தெரியும். சின்னக் கட்டத்தை முனைக்கும், பெரிய கட்டத்தை 6½ இன்ச் நடுச் சதுரத்துக்கும் வையுங்கள்.

60-க்கு 72 இன்ச் போர்வைக்கு 30 பிளாக். நட்சத்திரத்துக்கு 46 இன்ச் பன்னாவில் (அகலத்தில்) இரண்டு மீட்டர் நல்ல துணி போதும், பழைய சேலை ஒன்றிலேயே கிடைத்துவிடும். பின்னணிக்கு 36 இன்ச் பன்னா டூ பை டூ என்றால் மூன்று மீட்டர் வாங்குங்கள். நடுவில் கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைத்தால் பொம்மென்று இருக்கும், ஆனால் காரைக்குடி வெயிலில் யார் போர்த்துவது? அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை வைத்தேன். மார்கழிப் பனிக்கு அது சரியாக இருக்கும்.

இப்போது சாடூத் பிளாக் 11 முடிந்திருக்கிறது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பட்டாலையில் பரப்பிப் பார்க்கிறேன். ஆத்தங்குடிக் கல்லின் கோட்டோடு ஓரத்தை வைத்தால் துளி கோணல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். முந்தானையை மட்டும் வெட்டவில்லை. பின்புறத் துணியின் நடுவில் அதை முழுசாகவே வைக்கப்போகிறேன்.