கவ்.யூகே டிசைன் சிஸ்டம்: சில வருஷம் புழங்கிய பிறகு

கவ்.யூகே என்பது பிரிட்டிஷ் அரசின் தளம். அந்த அரசு தன் இணையச் சேவைகளின் பக்கங்களை வடிவமைக்க 2018இல் வெளியிட்ட, துண்டுகளும் வழிகாட்டுதல்களும் கொண்ட தொகுப்பு இது. எனக்கும் அந்த அரசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் எந்த ஃபார்ம் வரைய உட்கார்ந்தாலும் முதலில் திறப்பது இதைத்தான். பார்க்க வறட்சியாக இருக்கும். கறுப்பு எழுத்து, பச்சை பட்டன், முடிந்தது.

எனக்குப் பிடித்தது அதை அடுக்கியிருக்கும் விதம். ஸ்டைல் (எழுத்து, நிறம் போன்றவை), காம்போனென்ட் (பட்டன், பெட்டி போன்ற துண்டுகள்), பேட்டர்ன் (ஒரு வேலையை முடிக்க அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) என்று பிரித்துவிட்டு, பேட்டர்ன்களை மறுபடி பயனரிடம் கேட்பவை, பயனருக்கு உதவுபவை, பக்கங்கள் என்று வேலையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்களைக் குவித்து வைத்திருக்கும் தளங்களுக்கும் நான் காசு கட்டியவன்தான். அங்கே செக்கவுட் (பணம் கட்டும் பக்கம்) என்று தேடினால் செக்கவுட்டாக வந்து கொட்டும், எல்லாமே நன்றாகவும் இருக்கும், நம் கேஸுக்கு எது பொருந்தும் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

இங்கே அக்கார்டியன் (தலைப்பைத் தட்டினால் விரியும் பகுதிகள்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்பதோடு நிற்காமல், அக்கார்டியன், டேப் (மேலே தாவல்கள்), டீடெயில்ஸ் (தட்டினால் விரியும் ஒற்றை வரி) மூன்றும் விஷயத்தை மறைத்து வைக்கிறவைதானே, எந்த இடத்துக்கு எது என்றும் சொல்லிவிடுகிறது. சின்னதாக ஒரு விளக்கத்தை மறைக்க டீடெயில்ஸ் போதும். இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் டேப் உதவாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். எல்லாரும் படித்தே ஆக வேண்டிய விஷயம் என்றால் எதற்கு மறைக்கிறீர்கள், தலைப்புப் போட்டு எழுதிவிடுங்கள் என்கிறது. ஒரு பேட்டர்னின் படத்தை யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று சொல்வதில்தான் தொகுப்பின் மதிப்பே இருக்கிறது என்பது என் கட்சி.

பெயர் கேட்கும் பேட்டர்னும் அப்படித்தான். எல்லார் பெயரும் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று உடையாது, பிரித்துக் கேட்டால் பொருந்தாமல் போகும் வாய்ப்பு கூடும் என்று எச்சரிக்கிறது. இனிஷியலோடு வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம் (லாஸ்ட் நேம் பெட்டியில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, ஏர்போர்ட்டில் அவரைக் கூப்பிடும்போது எழுந்து போகிற ஜாதி நாம்).

சரி, குறைகள். தேதி விஷயம் இரண்டு இடத்தில் கிடக்கிறது: நாள், மாதம், வருஷம் என்று மூன்று பெட்டி காம்போனென்டில், தேதியை எப்படிக் கேட்பது என்பது பேட்டர்னில். புதிதாக வரும் டிசைனர் காம்போனென்டைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார். அப்புறம், லிங்க்குகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ரேடியோ பட்டன் (பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டம்) பக்கத்தில் நின்றுகொண்டு இதை எந்தெந்தப் பேட்டர்ன்கள் பயன்படுத்துகின்றன என்று கேட்டால் முழுப் பதில் கிடைக்காது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவர் குழுவும் 1977இல் கட்டடங்களுக்கும் ஊர்களுக்குமான 253 பேட்டர்ன்களை அச்சில் கொண்டுவந்தபோதே, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அதைவிடப் பெரியவற்றையும் முடிவில் சிறியவற்றையும் சுட்டிக் காட்டியிருந்தார்கள். காகிதத்தில் முடிந்தது ஹைப்பர்லிங்க் காலத்தில் ஏன் முடியவில்லை என்று எரிச்சல் வரும்.

அதனால் எங்கள் டீமில் தனியாக ஒரு ஷீட் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பேட்டர்னுக்கும் மூன்றே கேள்வி: எதற்குள் வரும், எதோடு வரும், எதற்குப் பதிலாக வரும். எரர் சம்மரி (பக்கத்தின் மேலே தவறுகளையெல்லாம் பட்டியலிடும் பெட்டி) என்றால் கேள்விப் பக்கத்துக்குள் வரும், ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே இருக்கும் எரர் மெசேஜோடு வரும், மூன்று செகண்டில் மறையும் டோஸ்ட் என்கிற குட்டி அறிவிப்புக்குப் பதிலாக வரும். மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் உண்மையில் நேரம் பிடிக்கிறது, சண்டையும் அங்கேதான் நடக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அதைப் பேட்டர்ன் என்று சேர்ப்பதே இல்லை.

டேஷ்போர்ட், பெரிய டேபிள், சார்ட் எல்லாம் வரைகிறவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது, ஐபிஎம் நிறுவனத்தின் இதே மாதிரித் தொகுப்பான கார்பன் பக்கம் போங்கள். ஃபார்ம் வேலைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கோட் எம்ஐடி லைசென்ஸில் இருக்கிறது, தாராளமாக எடுக்கலாம். ஆனால் கிரீட லோகோவையும் அவர்களுடைய எழுத்துருவையும் அந்த அரசுத் தளத்துக்கு வெளியே பயன்படுத்த அனுமதி இல்லை, டெவலப்பரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.