காரின் கேமரா எச்சரிக்கை: துணியா, ஸ்கேனரா, மெக்கானிக்கா, சர்வீஸ் சென்டரா?

திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வருகிறது. முன் கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது என்கிறது, அல்லது மோதல் தடுப்பு அமைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறது. கார் வழக்கம்போல் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, ஏ.சி. வேலை செய்கிறது. அதனால் சிலர் வாரக்கணக்கில் அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுகிறார்கள். வேறு சிலர் அன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். துணியால் துடைத்தால் தீர்ந்துபோகும் எச்சரிக்கைக்கு ஒரு நாள் வீணாகிறது. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய எச்சரிக்கையோ எரிந்துகொண்டே இருக்கிறது.

நம் முன் இருக்கும் வழிகள் நான்கு: நாமே துடைத்துப் பார்ப்பது, மலிவான ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பிழைக் குறியீட்டைப் படிப்பது, பழகிய மெக்கானிக்கிடம் போவது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவது. எதைத் தேர்வது என்பதற்குப் பாதிப் பதில் எச்சரிக்கையின் சொற்களிலேயே இருக்கிறது. ‘பிளாக்டு’, ‘அப்ஸ்ட்ரக்டட்’, ‘டெம்பரரிலி அனவெய்லபிள்’, ‘கிளீன் விண்ட்ஷீல்டு’ என்றால் கருவி நலமாக இருக்கிறது, அதனால் பார்க்க முடியவில்லை என்று பொருள். ‘செக் சிஸ்டம்’, ‘மால்ஃபங்ஷன்’, ‘சர்வீஸ் ரிக்வயர்டு’ என்றால் கருவியோ, வயரோ, அது பொருத்தப்பட்ட கோணமோ கெட்டிருக்கலாம். எச்சரிக்கை மறைவதற்குள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் போனாலும் அந்தப் படம் உதவும்.

முதலில் துணி

‘மறைக்கப்பட்டிருக்கிறது’ வகை எச்சரிக்கைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. செலவும் இல்லை. ஆனால் எங்கே துடைப்பது என்று தெரிய வேண்டும். அதற்கு உங்கள் கார் எதைக் கொண்டு பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஹோண்டா எலிவேட்டில் முன்பக்கம் பார்ப்பது கேமரா மட்டுமே. மஹிந்திரா எக்ஸ்யூவி700, ஹூண்டாய் கிரெட்டா ஆகியவற்றின் ஓட்டுநர் உதவி வசதி கொண்ட மாடல்களில் கேமராவோடு ரேடாரும் உண்டு. கேமரா உள்கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும். ரேடார் கிரில்லுக்குப் பின்னாலோ முன் பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும். இரண்டுக்கும் தொல்லை தருபவை வெவ்வேறு. கேமராவுக்கு எதிர்வெயில், பனிமூட்டம், கண்ணாடியின் உள்புறம் படியும் ஆவி ஆகியவை பகை. சென்னையிலிருந்து பெங்களூரு சாலையில் மாலை நேரத்தில் போனால் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். மார்கழிக் காலையில் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் பனி இறங்கியிருக்கும். அங்கே இந்த எச்சரிக்கை வந்து தானாகவே மறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஹோண்டா கார்களில் கேமராவின் வெப்பம் அதிகமாகிவிட்டது என்றே தனி எச்சரிக்கை உண்டு. சித்திரை வெயிலில் நிறுத்திய காரை எடுத்ததும் அது வந்தால், ஏ.சி. காற்றைச் சற்று நேரம் முன் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும்.

ரேடாரின் கதை வேறு. முன்புறம் தொலைவில் பார்க்கும் ரேடார்கள் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. இருட்டும் எதிர்வெயிலும் அவற்றுக்குப் பொருட்டல்ல. அந்த அலை பிளாஸ்டிக்கை எளிதாகக் கடக்கும், ஆனால் நீரில் திணறும், உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். ஆகவே ஈரச் சேறு அப்பிய பம்பர் எச்சரிக்கையை வரவழைக்கும். ஆயுத பூஜையன்று பூசுகிற சந்தனத்தையும், திருஷ்டிக்குக் கட்டுகிற எலுமிச்சை மிளகாயையும், மாலையையும் இந்த இடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றை யாரும் விட வேண்டியதில்லை. ரேடார் மூடிக்கு நேர் முன்னால் வராதபடி பானெட்டிலோ நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ வைத்துக்கொள்ளலாம். முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக் காப்பு மட்டும் கூடவே கூடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. ரேடார் உள்ள காரில் அது கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

கேமராப் பக்கம் நாமாகச் சேர்த்த பொருள்களையும் பாருங்கள். ஃபாஸ்டேக்கை முன் கண்ணாடியின் நடுவில் மேலே ஒட்டச் சொல்கிறார்கள், கேமராவும் அங்கேதான் இருக்கிறது. டேஷ்கேமையும் பலர் அதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். கேமராவின் பார்வைக் கூம்பை விட்டு இரண்டையும் விலக்கி வைக்க வேண்டும். டேஷ்போர்டின் மேல் பளபளக்கும் பொருள் இருந்தால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கேமராவைக் குழப்பும். கார் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. இன்னொன்றும் உண்டு. சுற்றிலும் வாகனமோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில் ரேடாருக்கு எதிரொலி எதுவும் கிடைக்காததால் தான் மறைக்கப்பட்டதாகவே அது நினைக்கக்கூடும் என்று ஹூண்டாய் கையேடு சொல்கிறது. போக்குவரத்துக்குள் வந்ததும் சரியாகிவிடும்.

மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, சுத்தமான தண்ணீர், இவ்வளவுதான் தேவை. வாட்டர் சர்வீஸில் அழுத்த நீரைச் சென்சாருக்கு மிக அருகில் பீய்ச்ச விடாதீர்கள். துடைத்து, காரை அணைத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்து, சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் எச்சரிக்கை போகாவிட்டால் துணியின் வேலை முடிந்தது. திரும்பத் திரும்ப அணைத்து ஸ்டார்ட் செய்து பார்ப்பதில் பயனில்லை.

ஸ்கேனர்: பாதி உண்மை

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் படிக்கும் கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன், ஆனால் கேமராப் பிரச்சினைக்காக வாங்க வேண்டாம். குறியீடுகள் நான்கு குடும்பம். ‘பி’யில் (P) தொடங்குபவை எஞ்சின், கியர் சார்ந்தவை. ‘சி’ என்றால் பிரேக், ஸ்டீயரிங் அடங்கிய அடிப்பகுதி. ‘பாடி’ பிரிவைக் குறிப்பதும் தமிழில் எழுதினால் ‘பி’தான், ஆங்கில எழுத்து மட்டும் வேறு (B). ‘யு’ என்றால் கணினிகளுக்கிடையே தொடர்பு அறுந்தது. மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் குடும்பத்தோடு நின்றுவிடும். கேமராவும் ரேடாரும் பேசுவது மற்றக் குடும்பங்களில்தான். ‘பிழை எதுவும் இல்லை’ என்று கைப்பேசி காட்டும், எச்சரிக்கையோ எரிந்துகொண்டிருக்கும். அதை நம்பி நிம்மதி அடைவதுதான் ஆபத்து.

இந்தக் கருவி உண்மையில் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு, அது பேட்டரி. மின்னழுத்தம் தாழ்ந்தால் கேமரா, ரேடார், பிரேக் கணினி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புகார் சொல்லும். சம்பந்தமில்லாத நான்கைந்து எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது 12 வோல்ட் பேட்டரியைத்தான். நிறுத்தி வைத்த காரில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பி0562 (P0562) என்பது மின்னழுத்தக் குறைவுக்கான குறியீடு. இதை மலிவுக் கருவியும் படித்துவிடும். பேட்டரி மாற்றினால் தீரும் விஷயத்துக்காக ரேடாரையே மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டிலிருந்து அது உங்களைக் காப்பாற்றும். மாறாக, நல்ல ஸ்கேனரில் யு0235 வந்தால் முன்பக்கத் தூரம் அளக்கும் சென்சாரோடு தொடர்பு இல்லை என்று பொருள். கனெக்டர் கழன்றிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். அங்கே துணியும் கைப்பேசியும் உதவாது.

குறியீட்டை அழிக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அழித்தால் காரணத்தைத் தேடுபவருக்குத் தடயம் போய்விடும்.

மெக்கானிக்கா, சர்வீஸ் சென்டரா?

வயர், கனெக்டர், பேட்டரி, உடைந்த பின்பக்கக் கேமரா போன்றவற்றுக்கு நல்ல மெக்கானிக்கே போதும். ஆட்டெல், லான்ச் போன்ற நிறுவனங்களின் முழு ஸ்கேனர்கள் எல்லாக் கணினிகளையும் படிக்கும், பல ஒர்க்‌ஷாப்புகளில் இப்போது இருக்கின்றன. நேரமும் மிச்சம், லேபர் சார்ஜும் குறைவு. எந்த வயர் அறுந்தது என்று பொறுமையாகத் தேடுவதில் நல்ல மெக்கானிக்குக்கு இணை இல்லை. சர்வீஸ் சென்டர் பல நேரங்களில் முழுப் பாகத்தையும் மாற்றவே விரும்பும். கார் வாரன்டியில் இருந்தால் மட்டும் இந்தக் கேள்வியே எழாது. சர்வீஸ் சென்டருக்கே போங்கள், ஜாப் கார்டில் எச்சரிக்கையின் சொற்களை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் கேமராவோ ரேடாரோ இருந்த இடத்திலிருந்து கழற்றப்பட்டிருந்தால், அல்லது அதன் முன்னால் இருக்கும் கண்ணாடியோ பம்பரோ மாறியிருந்தால் கணக்கே வேறு. கேமரா ஒரு பாகை திரும்பியிருந்தால் 100 மீட்டர் தொலைவில் பார்வை 1.75 மீட்டர் விலகும். நம் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு தடம் 3.5 மீட்டர் அகலம், அதில் சரிபாதி. பக்கத்துத் தடத்தில் போகும் லாரியை நம் தடத்தில் இருப்பதாக எண்ணி கார் பிரேக் பிடிக்கலாம். முன்னால் இருப்பதைக் காணாமலும் விடலாம். அதனால்தான் கேலிபரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம் தேவைப்படுகிறது.

அது இரண்டு வகை. சமதளமான தரையில், சீரான வெளிச்சத்தில், காருக்கு முன்னால் அளந்து வைத்த குறிப்பலகையைக் காட்டிச் செய்வது ஒன்று. ஸ்கேனரை இணைத்தபடி, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. எது வேண்டும் என்பது கார் கம்பெனியைப் பொறுத்தது, சிலவற்றுக்கு இரண்டுமே வேண்டும். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், பின்னால் சுமை இருக்கக் கூடாது. மரத்தடியில் மேடுபள்ளத் தரையில் குறிப்பலகையை நிறுத்துவது அளவுத்திருத்தம் ஆகாது. இந்த இடத்தில் நான் தயங்காமல் சர்வீஸ் சென்டர் பக்கம் நிற்கிறேன். குறிப்பலகையும் சமதளமும் தன்னிடம் இருப்பதைக் காட்டக்கூடிய வெளி ஒர்க்‌ஷாப் என்றால் அதுவும் சம்மதம். காட்ட முடியாதவரிடம் வேண்டாம், எவ்வளவு பழகியவராக இருந்தாலும்.

முன் கண்ணாடி மாற்றும்போதுதான் இந்தப் பேரம் அதிகம் நடக்கிறது. கார் கம்பெனியின் முத்திரை உள்ள கண்ணாடிக்கும் வெளிக் கண்ணாடிக்கும் விலை வேறுபாடு பெரியது. அசாஹி இந்தியா, செயின்ட்-கோபெய்ன் போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கே கண்ணாடி தருபவை என்பதால், வெளியில் வாங்குவது எல்லாமே மட்டம் என்று சொல்ல முடியாது. கேமரா உள்ள காரில் பார்க்க வேண்டியவை இரண்டு: கேமராவைத் தாங்கும் பிடிப்பு அதே இடத்தில், அதே வடிவில் ஒட்டப்பட்டிருக்கிறதா, கேமரா பார்க்கும் பகுதியில் கண்ணாடி அலையடிக்காமல் தெளிவாக இருக்கிறதா. இதை நம்மால் கண்ணால் உறுதிசெய்ய முடியாது என்பதால், காப்பீடு இருந்தால் கம்பெனிக் கண்ணாடியே மேல். நம் நாட்டு வாகனக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டியது 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய். உரிமை கோரினால் நோ கிளெய்ம் போனஸ் குறையுமா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் கேலிபரேஷன் தனி வரியாக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்த்த பிறகு சேர்த்தால் அந்தத் தொகை உங்கள் தலையில் விழக்கூடும்.

பம்பர் விஷயத்தில் டிங்கரிங் பட்டறைகளோடு நான் உடன்படுவதில்லை. கீறலுக்குப் பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தால் கண்ணுக்குப் புதிதுபோல் தெரியும். ரேடாருக்கு முன்னால் அந்தத் தடித்த படலம் அலையை வளைக்கும். பின்பம்பரின் மூலைகளிலும் பல கார்களில் ரேடார் உண்டு, பக்கவாட்டில் வரும் வாகனத்தைச் சொல்வது அதுதான். அந்தப் பகுதியில் அடிபட்டிருந்தால் பம்பரையே மாற்றுவதுதான் நல்லது. சஸ்பென்ஷன் வேலைக்கும் வீல் அலைன்மென்டுக்கும் பிறகு எச்சரிக்கை வந்தாலும் கேலிபரேஷனைப் பற்றிக் கேளுங்கள். பின்சக்கரங்களின் திசை மாறினால் காரின் நேர்கோடே மாறிவிடுகிறது.

பார்க்கிங் சென்சாருக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க எச்சரிக்கைச் சென்சார் கட்டாயமானது. ரிவர்ஸ் கியரைப் போட்டதும் விடாமல் கத்தினால் சேறு, நீர்த்துளி, தளர்ந்த நம்பர் பிளேட் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்க, மற்றொருவர் காரின் ஓரமாக நின்று ஒவ்வொரு சென்சார் மீதும் விரல் வைத்துப் பார்க்கலாம். வேலை செய்வது மெல்லத் துடிக்கும், செத்தது அசையாது. அந்த ஒன்றை மட்டும் எந்த மெக்கானிக்கும் மாற்றித் தருவார்.

எச்சரிக்கை எரியும் நாள்களில் தானியங்கி பிரேக் இருக்கிறது என்ற நினைப்போடு ஓட்டாதீர்கள். முன்னால் போகும் வாகனத்தைப் பின்பற்றும் குரூஸ் கன்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள். வேலை முடிந்து காரை எடுக்கும்போது விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்து பில் கட்ட வேண்டாம், குறியீட்டை அழித்தாலும் விளக்கு அணையும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கையையும், கேலிபரேஷன் வெற்றி என்று காட்டும் தாளையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், கார் இன்னும் அவர்கள் வளாகத்தில் இருக்கும்போதே மறுபடி செய்யச் சொல்லுங்கள்.