பிக்கப்பைத் தூக்க எந்த ஜாக்கி: பாட்டிலா, ட்ராலியா, ஹைலிஃப்டா?

ஜாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை டன் என்பதைத்தான். அது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. காலி பிக்கப் ஏறக்குறைய 2 டன், ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது அதில் ஒரு பங்குதான் ஜாக்கி மேல் இறங்கும், அதனால் நல்ல 3 டன் ஜாக்கி எதுவும் தூக்கிவிடும் (பின்னால் சரக்கு இருந்தால் இறக்கிவிட்டுத் தூக்குங்கள்). மாட்டிக்கொள்வது உயரத்திலும் தரையிலும்தான்.

சேஸில் (பாடி உட்கார்ந்திருக்கிற இரும்புச் சட்டம்) ஜாக்கி கொடுத்தால் முதலில் பாடி மட்டும்தான் எழும்பும். ஸ்பிரிங் விரிந்துகொண்டே போகும், சக்கரம் தரையை விடாது, நீங்கள் பம்ப் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் ஜாக்கியின் உயரம் தீர்ந்துவிடும். பின்பக்க ஆக்ஸில் குழாயில் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே ஓடும் இரும்புக் குழாய்), ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொடுத்தால் கொஞ்ச உயரத்திலேயே சக்கரம் கிளம்பிவிடும். முன்பக்கத்துக்கு மேனுவலில் காட்டியிருக்கிற இடம்தான், ஊகம் வேண்டாம்.

டயர் மாற்றுகிற வேலைக்குப் பாட்டில் ஜாக்கிதான் (பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஆயில் ஜாக்கி) என் ஓட்டு. சீட்டுக்குப் பின்னால் அடங்கிவிடும், ஆக்ஸிலுக்கு அடியில் நேராக நிற்கும். குறை என்னவென்றால் அடிப்பாகம் சின்னது, மண்ணில் ஒரு பக்கமாகப் புதையும், அதனால் கனமான பலகை ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும். தலையும் சின்னதுதான், உருண்டைக் குழாயில் நடுவில் உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் பம்ப் அடியுங்கள். இறக்கும்போது வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும், முழுசாகத் திறந்தால் வண்டி தொப்பென்று விழும்.

ட்ராலி ஜாக்கி கான்கிரீட் தரையில் ராஜா. தலை அகலம், ஆட்டம் இல்லை. ஆனால் அதன் கை நேராக மேலே போவதில்லை, வளைந்து ஏறுகிறது. அதை ஈடுகட்ட ஜாக்கி தன் உருளைகளில் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். சரளையிலோ மண்ணிலோ நகர முடியாமல் போகும்போது தலை ஆக்ஸிலிலிருந்து வழுக்கப் பார்க்கும். வழியில் பஞ்சரானால் இதை நம்ப முடியாது, தவிர 3 டன் தூக்குகிற இரும்பு ட்ராலியை யார் தூக்கிக்கொண்டு அலைவது?

ஹைலிஃப்ட் மாதிரி நெட்டை ஜாக்கி 48 அங்குலம், 60 அங்குல உயரத்தில் வருகிறது. சேற்றில் புதைந்த வண்டியைக் கிளப்ப இதை விட்டால் ஆள் இல்லை. டயர் மாற்ற மட்டும் எடுக்காதீர்கள். ஒற்றைக் கம்பம், அதிலும் மெல்லிய அடித்தட்டு, வண்டி லேசாக அசைந்தாலே கூடச் சாயும். கம்பெனி பிளாஸ்டிக் பம்பரில் கொடுக்கவும் முடியாது, இரும்பு பம்பர் வேண்டும். இறக்கும்போது கைப்பிடி துள்ளி மேலே அடிக்கும், தாடை உடையும். முகம் அதன் பாதையில் இருக்கவே கூடாது, கையை எடுக்கும் முன் பிடியைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்த வேண்டும்.

எந்த ஜாக்கியானாலும் அதன் வேலை தூக்குவது மட்டும்தான். பாட்டிலிலும் ட்ராலியிலும் உள்ளே ஒரு சீல் தேய்ந்திருந்தால் ஆயில் கசிந்து மெல்ல இறங்கும், ஹைலிஃப்ட் சாயும், அதனால் அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கி ஸ்டாண்ட் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு மல்லுக்கட்டினால் வண்டி ஆடும்.

அப்புறம் கியர் விஷயம். பார்க்கில் (ஆட்டோமேட்டிக் கியரின் P) போட்டாச்சே என்று பலர் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில்லை. பின் சக்கரத்தில் ஓடும் பிக்கப்பில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) அந்தரத்தில் இருப்பதை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, தரையில் இருப்பதை உருளவிடும். கியர் அதைத் தடுக்காது. ஹேண்ட்பிரேக் தடுக்கும், ஆனால் அதுவும் பெரும்பாலும் பின் சக்கரங்களில்தான், இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கினால் அதுவும் போச்சு. அதனால் பின்பக்கம் தூக்குகிறீர்களா, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையை நன்றாக அடித்து இறுக்கிவிட்டு ஜாக்கியை எடுங்கள்.