சமையல் மேடை: எந்த அடுப்பு, எந்தக் கல்?

அடுப்பு எதுவென்று முடிவாகாமல் மேடைக் கல்லை அளக்க விடாதீர்கள். புது வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது: கிரானைட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கபோர்டும் மாட்டிய பிறகு அடுப்புக் கடைக்குப் போகிறார்கள். அப்போது உயரம் உதைக்கும், துளை உதைக்கும், பிளக் இருக்காது.

முதலில் உயரம். மேடைமேல் வைக்கும் சாதாரண கேஸ் அடுப்பு பாத்திரத்தை 4 முதல் 6 அங்குலம் தூக்கிவிடும். 34 அங்குல மேடையில் அதை வைத்து, அதன்மேல் 5 லிட்டர் குக்கரை ஏற்றினால், ஐந்தடி உயரமுள்ளவர் தோளை உயர்த்தித்தான் கிளற வேண்டும். அந்த அடுப்புக்கு 30, 31 அங்குலம் போதும். அடுப்பு வைக்கும் மூன்றடியை மட்டும் தாழ்த்திக் கட்டினாலும் சரி. ஹாப், அதாவது கல்லில் துளையிட்டுப் பதிக்கும் அடுப்பு, கல்லுக்குள் இறங்கி உட்காருவதால் 33, 34 அங்குலம் பொருந்தும்.

ஹாப்பின் பெரிய லாபம் அழகு என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிட மேலானது, தீ அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு. கஞ்சி பொங்கி பர்னர் அணைந்தால் சில நொடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். இது எல்லா மாடலிலும் கிடையாது, கேட்டு வாங்குங்கள். இருந்தால், பற்றவைக்கும்போது குமிழைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல ஹாப்கள் தீ எரியத் தேவையான காற்றில் ஒரு பங்கை அடியிலிருந்து இழுக்கின்றன. கீழே டிராயரை இறுக்கமாக அடைத்துவிட்டால் தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும். "பர்னர் சரியில்லை" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டிராயரைத் திறந்துவைத்துப் பாருங்கள். டிராயரின் பின்பக்கம் இடைவெளி விடுவதும் கதவில் கிரில் வைப்பதும் போதும். இன்னொன்று ஹாப்பின் மேல்கண்ணாடி. இரண்டு பர்னரையும் மூடும்படி பெரிய தோசைக்கல்லை வைத்தால் சூடு கீழே திரும்பி கண்ணாடியைத் தாக்கும். பர்னர் தலை சரியாக உட்காராமல் தீ அடியில் பரவினாலும் இதே கதிதான்.

பத்து ஆண்டு கழித்து ஹாப்பை மாற்றும்போதுதான் உண்மையான செலவு. கட்அவுட் (கல்லில் வெட்டும் துளை) அளவு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. புதிய ஹாப்புக்குப் பெரிய துளை வேண்டுமானால் கல்லை வெட்டிக்கொள்ளலாம். சிறிய துளை போதுமென்றால் வழியில்லை. இந்தத் தயக்கம் இருப்பவர்களுக்கு ஹாப் டாப் நல்ல நடுவழி. மேடைமேலும் வைக்கலாம், பிறகு வேண்டுமானால் துளையிட்டு இறக்கலாம்.

எந்த கேஸ் அடுப்பானாலும் ஹோஸ் சுரக்‌ஷா (உள்ளே கம்பி வலையிட்ட ரப்பர் குழாய்) வகையாக இருக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எல்பிஜி காற்றைவிட கனமானது. அதனால் சிலிண்டர் கபோர்டுக்கு வென்ட் தரையை ஒட்டி வேண்டும், மேலே வைத்துப் பயனில்லை. குழாய் எரிவாயு வரப்போகும் பகுதியானால், ஜெட்டை (பர்னருக்கு வாயு விடும் சிறு துளை உள்ள முனை) மாற்றிக் கொடுப்பார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். எல்பிஜி ஜெட்டின் சிறு துளையில் இயற்கை வாயு போதிய தீ தராது.

இண்டக்‌ஷனைத் தனி அடுப்பாக நம்புவது நம் சமையலுக்குச் சிரமம். அலுமினிய குக்கர், மண்சட்டி, பித்தளை எதுவும் வேலை செய்யாது. வட்ட அடி வாணலி உட்காராது. மலிவான மாடல்களில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சிறியது, ஆகவே தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக நிற்கும். கணக்கு இது: 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு இண்டக்‌ஷனில் ஏறத்தாழ 140 யூனிட் ஆகும். ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் செலவாகும் வீட்டில் இருமாத பில்லில் 190 யூனிட் போலக் கூடும். அது மொத்த பில்லை 500 யூனிட்டைத் தாண்ட வைத்தால் தமிழ்நாட்டில் கட்டணப் படியே மாறிவிடும். பால் காய்ச்ச, வெந்நீர் போட, சிலிண்டர் தீர்ந்த நாளுக்கு என்று ஒன்று இருக்கட்டும். 16 ஆம்பியர் பிளக்கை அடுப்புப் பக்கம் இப்போதே வைத்துவிடுங்கள்.

இனி கல். கருப்பு கிரானைட்டுக்கு இணை இன்னும் வரவில்லை என்பதே எங்கள் கருத்து. புளி, எலுமிச்சை, கொதிக்கும் குக்கர், கிரைண்டர் எதையும் தாங்கும். ஆனால் கருப்பாக இருப்பதெல்லாம் கருப்பல்ல. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்துத் தேயுங்கள், பஞ்சு கருத்தால் விட்டுவிடுங்கள். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் வையுங்கள், பளபளப்பு மங்கினால் அதுவும் வேண்டாம். வெளிர் நிறக் கல்லில் சில துளி தண்ணீர் விட்டு பத்து நிமிடத்தில் கறுத்தால், நாளை மஞ்சளும் எண்ணெயும் அப்படித்தான் இறங்கும். கனம் 18 முதல் 20 மி.மீ. வேண்டும். 16 மி.மீ. கல்லை நுனியில் மட்டும் ஒட்டுப்போட்டுத் தடிமனாகக் காட்டுவதும் நடக்கிறது. சிங்க் துளையின் வெட்டுமுகத்தில் அளந்தால் தெரிந்துவிடும்.

குவார்ட்ஸ் மேடைக் கல் என்பது சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகளும் மீதி ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசினும் சேர்த்துச் செய்தது. கறை பிடிக்காது, நிறம் ஒரே சீராக இருக்கும். பலவீனம் அந்த ரெசினில்தான்: 150 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் தழும்பு விழும், வெயில் விழும் ஜன்னலோரத்தில் மஞ்சளடிக்கும். இறக்கிய வாணலியை அப்படியே கல்மேல் வைக்கும் பழக்கமுள்ள வீட்டுக்கு ஆகாது. இதை வெட்டும் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே போட்டுவிட்டது. வீட்டுக்குள் உலர்வாக வெட்ட விடாதீர்கள். பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டி வரட்டும்.

நானோ ஒயிட் என்ற செயற்கை வெள்ளைக் கல் பார்வைக்கு மட்டும்; ஓரம் உதிரும், கீறல் பளிச்சென்று தெரியும். மார்பிள் மோர் சிந்தினாலே மங்கும். 12 மி.மீ. சின்டர்டு கல் (கனிமப் பொடியை அழுத்திச் சுட்டது) சூட்டைத் தாங்கும், ஆனால் பாத்திரம் மோதினால் விளிம்பு பெயரும், வெட்டத் தெரிந்தவரும் வேண்டும்.

ஹாப்பே முடிவென்றால் அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டே கல்லை வெட்டுங்கள். 490 மி.மீ. ஆழத் துளைக்கு 24 அங்குல மேடையில் முன்னும் பின்னும் 60 மி.மீ. மிஞ்சும்; 22 அங்குலத்தில் 35தான், தூக்கும்போதே விரிசல் விழும். மூலைகளை முதலில் வட்டமாகத் துளைத்துவிட்டு அப்புறம் நேர்க்கோட்டில் வெட்ட வேண்டும். கூர்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். அடியிலிருக்கும் கடப்பா கல்லையும் வெட்டினால் முன்பக்கப் பட்டைக்குக் கீழே இரும்பு ஆங்கிள் கொடுங்கள். மேடையும் சுவரும் சேரும் இடத்தில் வெள்ளை சிமென்ட் வேண்டாம், சிலிகான் போடுங்கள். முன் நுனியின் அடியில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, ஒரு சிறு பள்ளக்கோடு போட்டால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கபோர்டு கதவு ஊறாது.