எயார் சஸ்பென்சன் இறங்குற ஜீப்பா? கொழும்புக்கு ஓட முதல் இந்த கராஜ பாருங்கோ

திருகோணமலையில எயார் சஸ்பென்சன் பாக்கிறதுக்கு ஆள் இல்ல, கொழும்புக்குத்தான் கொண்டு போகோணும் எண்டு ஆக்கள் சொல்றது வழக்கம். கண்டி ரோட்டுப் பக்கம் தகரக் கூரையோட ஒரு சின்ன கராஜ் இருக்கு, போர்ட் கூட ஒழுங்கா இல்ல, ஆனா வேலை சுத்தம்.

எங்கட ஜீப்புக்கு பின்னுக்கு மட்டும்தான் எயார் பேக், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா வண்டியத் தாங்குற காத்தடைச்ச ரப்பர் பை, முன்னுக்கு சாதாரண கொயில் ஸ்பிரிங். இரவு நிப்பாட்டினா காலமைல இடப்பக்கம் பின்னுக்கு குந்தி நிக்கும், ஸ்டார்ட் பண்ணினா பேக்குக்கு காத்தடிக்கிற கொம்பிரசர் கனநேரம் இரைஞ்சு ஒரு மாதிரி தூக்கும், பிறகு டாஷ்போர்ட்ல லைட்டும் வர தொடங்கிட்டு. வேற ஒரு இடத்தில ஸ்கேனர் குத்திப் பாத்திட்டு கொம்பிரசர் போயிட்டு, புதுசு போடோணும் எண்டு ஒரே முடிவா சொல்லி ஒரு விலையும் சொன்னாங்க, கேட்டதும் தலை சுத்திட்டு.

இங்க பாஸ் ஸ்கேனர முதல்ல தொடவே இல்ல. வண்டிய நேரான நிலத்தில விட்டு, சில்லு நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து எழுதினார், பிறகு சஸ்பென்சன் பியூஸ கழட்டிட்டு இரவு இங்கயே விட்டுட்டுப் போங்கோ எண்டார். ஏன் பியூஸ் எண்டு கேட்டா, சில வண்டி நிப்பாட்டின பிறகும் தானா உசரத்த சரி பண்ணப் பாக்கும், அப்பிடி செஞ்சா எது இறங்குது எண்டு தெரியாதாம். ஒரு பக்கம் மட்டும் இறங்கினா அந்த பேக், இல்லாட்டி அதுக்குப் போற பைப். ரெண்டும் சேந்து இறங்கினா, காத்த பேக்குகளுக்கு பிரிச்சு விடுற வால்வ் புளொக் பக்கம் பாக்கோணும். காத்து இறங்கவே இல்ல ஆனா உசரம் பிழையா நிக்குது எண்டா உசரம் பாக்கிற சென்சர், நிலாவெளி உப்புவெளி மாதிரி கடற்கரையில ஓடுற வண்டிகளுக்கு அந்த சென்சர் கம்பி உப்புக் காத்தில துருப்பிடிச்சு இறுகிரும் எண்டும் சொன்னார்.

எங்கடது ஒரு பக்கம்தான். வண்டிய உசரத்துக்கு ஏத்தி வச்சு சவுக்காரத் தண்ணி அடிச்சா இடப்பக்க பேக்கில ரப்பர் மடியிற இடத்தில நுரை பொங்கி வருது. உசத்தாம பாத்தா அந்த வெடிப்பு மடிப்புக்குள்ள மறைஞ்சு கிடக்குமாம், அதாலதான் கனபேர் தவற விடுறாங்களாம். கொம்பிரசர் நல்லா இருக்கு, லீக்க நிரப்ப ஓடி ஓடி சூடாகி தானா நிக்குது, அதுக்குத்தான் லைட். இப்பிடியே விட்டிருந்தா அதுவும் எரிஞ்சிருக்கும், புதுசு போட்டிருந்தாலும் லீக் அப்பிடியே இருந்திருக்கும்!

பேக் ரெண்டையும் சோடியா மாத்தினம், ரெண்டும் ஒரே வயசு. கொழும்பில பழைய வாகன சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில பழசு எடுப்பமா எண்டு கேட்டதுக்கு, ரப்பருக்கு வயசு போனா போனதுதான், காச கடல்ல போடாதீங்கோ எண்டிட்டார். கொம்பிரசருக்கு கரண்ட் குடுக்கிற ரிலேயும் மாத்தச் சொன்னார், அது ஒட்டிப் பிடிச்சா சாவி எடுத்த பிறகும் கொம்பிரசர் ஓடி பற்றரிய இறக்கிருமாம், விலையும் பெரிசில்ல. எயார கழட்டி எறிஞ்சிட்டு கொயில் போடுற கதையும் கதைச்சம், போடலாம், ஆனா பின்னுக்கு ஆக்களும் சாமானும் ஏறினா தானா மட்டம் பிடிக்கிறது இருக்காது எண்டார், நாங்க குடும்பமா கொழும்பு போய் வாற ஆக்கள், வேணாம் எண்டு விட்டுட்டம். எல்லாம் சேத்தும் முதல் இடத்தில கொம்பிரசருக்கு மட்டும் கேட்ட காசில பாதி கூட வரேல்ல.

இன்னொண்டும் கவனிச்சன், ஜக் போட முதல் சஸ்பென்சன் ஓப் பட்டன அமத்தி, ஸ்டாண்ட் வச்ச பிறகுதான் பொடியன்கள கீழ விடுறார். காத்து போனா வண்டி சடாரெண்டு இறங்கும், இத எல்லா கராஜ்லயும் பாக்க ஏலாது.

குறை இல்லாம இல்ல. போன் தூக்க மாட்டார், பில் கேட்டா துண்டுக் கடதாசியில எழுதித் தருவார், பேக் கொழும்பில இருந்து வர சுணங்கிட்டு, நாளைக்கு நாளைக்கு எண்டு இழுத்தடிச்சது கொஞ்சம் கோவம்தான். இருக்க கதிரையும் இல்ல. போறதெண்டா பின்னேரமா போங்கோ, எப்பிடியும் வண்டிய இரவு வச்சிட்டுத்தான் வரோணும், திரும்பி வர ஆட்டோவுக்கு காசு வச்சிருங்கோ.