லிக்கர்ட் அளவுகோலுக்குச் சராசரியா, இடைநிலை அளவா?

"பாடம் எளிதாகப் புரிந்தது" என்று ஒரு கூற்று. எதிரே ஐந்து கட்டங்கள். முற்றிலும் மறுத்தால் 1, முற்றிலும் ஏற்றால் 5. லிக்கர்ட் அளவுகோலின் கேள்விகள் இப்படித்தான் இருக்கும். விடைகள் வந்து சேர்ந்ததும் மாணவர்கள் பெரும்பாலும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்வி என்றால் அங்கே இடைநிலை அளவுதான், அதாவது விடைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்தான், சரி என்பது என் கட்சி.

காரணம் எளிது. அந்த எண்கள் வரிசையைத்தான் சொல்கின்றன, தூரத்தை அல்ல. 3-லிருந்து 4-க்கும், 4-லிருந்து 5-க்கும் மனத்தளவில் ஒரே இடைவெளிதான் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. 1946-இல் உளவியலாளர் ஸ்டீவன்ஸ் அளவுகோல்களைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்தார். தனிக் கேள்வியின் விடைகள் வரிசை வகையைச் சேர்ந்தவை.

இதைக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். முதல் குழுவில் ஐவரும் 3 போட்டார்கள். இரண்டாம் குழுவின் விடைகள் 2, 2, 2, 2, 5. சராசரி முறையே 3, 2.6. முதல் குழு முன்னே நிற்கிறது. இப்போது "முற்றிலும் ஏற்கிறேன்" என்பதற்கு 5-க்குப் பதில் 10 தருவோம். வரிசை அப்படியேதான் இருக்கிறது, யாரும் மனம் மாறவில்லை. ஆனால் இரண்டாம் குழுவின் சராசரி 3.6 ஆகி முந்திவிடுகிறது! இடைநிலை அளவோ முன்பும் 3, 2. இப்போதும் 3, 2. நாம் ஒட்டும் எண்ணைப் பொறுத்து முடிவு தலைகீழாகுமானால் அந்த முடிவை எப்படி நம்புவது?

இடைநிலை அளவுக்கும் குறை உண்டு. பத்துப் பேரில் ஐவர் 1, ஐவர் 5 என்றால் சராசரியும் 3, இடைநிலையும் (நடுவில் நிற்கும் 1, 5 இரண்டின் சராசரி) 3. அந்த 3-ஐ ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் எதை எடுத்தாலும் பக்கத்திலேயே நிகழ்வெண் பட்டியலையும் (எந்தக் கட்டத்தை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்பதை) கொடுத்துவிடுங்கள்.

சரி, சராசரி எப்போது பொருந்தும்? ஒரே பொருளைப் பற்றிய பல கூற்றுகளின் மதிப்பெண்களைக் கூட்டும்போது. 1932-இல் உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் முன்வைத்த முறையே பல கூற்றுகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான். பத்துக் கூற்றுகள் என்றால் ஒருவரின் மொத்தம் 10 முதல் 50 வரை போகும். இந்த மொத்தங்கள் பல நேரம் மணி வடிவத்தை, அதாவது இயல்நிலைப் பரவலை, நெருங்கும். அங்கே சராசரியும், மதிப்பெண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் பொருளோடு பேசும். சராசரி 35, திட்ட விலக்கம் 5 என்றால் ஏறக்குறைய 68% பேர் 30-க்கும் 40-க்கும் இடையில், 95% பேர் 25-க்கும் 45-க்கும் இடையில் இருப்பார்கள்.

இதே விதியைத் தனிக் கேள்விக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 4.3, திட்ட விலக்கம் 1.1 என்றால் ஒரு விலக்கம் மேலே போனாலே 5.4. அப்படி ஒரு கட்டமே தாளில் இல்லை. விடைகள் ஒரு முனையில் குவிந்திருக்கின்றன, மணி வடிவம் இல்லை என்பதற்கு இதுவே போதுமான அடையாளம்.

அப்புறம், கூட்டுவதற்கு முன் எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பிவிட வேண்டும். "பாடம் குழப்பியது" என்பதற்கு 5 போட்டவரின் மதிப்பெண் 6 − 5 = 1. இதை மறந்தால் நிறைவாகப் புரிந்தவரும் ஒன்றுமே புரியாதவரும் ஒரே மொத்தத்தில் வந்து நிற்கக்கூடும்.