நீலகிரி மலை ரயில்: குளிர்காலத்தில் நண்பர்களோடு போகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போனால் அதில் பாதி நேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும் இந்த ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதற்குக் காரணம், கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள சுமார் 20 கிலோமீட்டர்தான். நீராவி இன்ஜின், பல்சக்கரம், பெரும்பாலான சுரங்கக் குகைகள், காடு எல்லாமே அந்தப் பகுதியில் இருக்கின்றன. உங்கள் திட்டத்தில் அது விடுபட்டுப் போனால், மலை ரயிலில் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குளிர்காலம் என்றதும் பலர் டிசம்பரில் தேதி குறிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீலகிரியின் கிழக்குச் சரிவில் கொட்டும். பாதை ஏறுவதும் அந்தச் சரிவில்தான். மண் ஊறி, பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழும். சாதாரணப் பாதையாக இருந்தால் மண்ணை அள்ளிவிட்டு ரயிலை விட்டுவிடலாம். இங்கே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்சட்டம், அதாவது பல் வெட்டிய இரும்புச் சட்டம், ஓடுகிறது. அதன் பல் இடுக்கில் கல்லோ சேறோ இறுகியிருந்தால் இன்ஜினின் பல்சக்கரம் சரியாகப் பதியாது. அதனால் ஒரு மண்சரிவுக்குப் பல நாட்கள் சேவை ரத்தாவது இந்த மாதங்களில் வழக்கம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை போவது நல்லது. வானம் தெளிந்திருக்கும், காலை வெயில் பள்ளத்தாக்கில் சாய்வாக விழும், ஊட்டியில் உறைபனியும் பார்க்கக் கிடைக்கலாம்.

டிக்கெட்டை உறுதி செய்துகொண்டு மற்றதெல்லாம் பேசுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஐஆர்சிடிசி தளத்தில் புறப்படும் இடத்துக்கு எம்டிபி (MTP), சேரும் இடத்துக்கு யுஏஎம் (UAM) என்ற குறியீடுகளைப் போடுங்கள். ஊட்டி என்று தேடிக் கிடைக்கவில்லையென்றால் உதகமண்டலம் என்று தேடவும். நாலைந்து பெட்டிகள் மட்டுமே உள்ள சின்ன ரயில் இது. சனி, ஞாயிறு இருக்கைகள் சட்டென்று தீர்ந்துவிடும். செவ்வாய், புதன் பாருங்கள்.

கூட்டமாகப் போகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. பத்துப் பேர் என்றால் இரண்டு டிக்கெட். முதல் டிக்கெட்டைப் போட்டு முடித்துவிட்டு அதே ஆள் இரண்டாவதற்கு உட்கார்ந்தால், அதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். இரண்டு பேர், இரண்டு கணக்கு, ஒரே நேரத்தில் ஐந்து ஐந்தாகப் போடுவதுதான் வழி. பெயர், வயது எல்லாவற்றையும் முந்தைய நாளே கணக்கில் சேமித்து வைத்துவிடுங்கள். வெயிட்டிங் லிஸ்ட் கிடைத்தால் அதை நம்பி விடுதிக்குப் பணம் கட்ட வேண்டாம். சார்ட் போட்ட பிறகும் எல்லாப் பெயர்களும் வெயிட்டிங்கிலேயே நின்றால் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். மேட்டுப்பாளையம் கவுண்டரில் கிடைக்கும் முன்பதிவில்லா இடங்கள் மிகச் சில. தனி ஆளுக்கு அது ஒரு வாய்ப்பு, கூட்டத்துக்கு உதவாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போடுங்கள். இரண்டாம் வகுப்பில் பெஞ்சுகள் பெட்டியின் முழு அகலத்துக்கும் எதிரெதிராக இருக்கும். நடுவில் நடைபாதை கிடையாது, பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். நண்பர்கள் வேறு வேறு வரிசையில் விழுந்துவிட்டால் ஓடும்போது இடம் மாறவே முடியாது, அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெஞ்சில் நடுவில் உட்காருபவருக்குப் பாதிக் காட்சி மற்றவர் தலைதான். குன்னூரில் ஜன்னலோரத்தை மாற்றிக்கொள்வதாக முன்பே பேசி வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது. முதல் வகுப்பில் குஷனும் கால் நீட்ட இடமும் உண்டு. வயதானவர் யாராவது கூட வந்தால் அந்தக் கூடுதல் பணம் தகும். இளவட்டங்களுக்கு இரண்டாம் வகுப்பே போதும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் சரியான இணைப்பு. இரவு 9 மணி வாக்கில் சென்ட்ரலில் ஏறினால் காலை 6 மணிக்கு மேல் மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10-க்குப் புறப்படும். நடுவில் இருக்கும் அந்த நேரத்தில் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்துவிட வேண்டும், ஏனென்றால் மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. வழியில் நிற்கும் நிலையங்களில்தான் போக முடியும். நீலகிரி எக்ஸ்பிரஸ் தாமதமானால் மலை ரயில் பெரும்பாலும் காத்திருக்கும். அதையே கணக்கில் வைத்துக்கொண்டு வேறு ரயிலில் கோவையில் வந்து இறங்கினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அப்படி வருவோர் முதல் நாள் இரவே மேட்டுப்பாளையம் வந்து தங்குவது நிம்மதி.

பெரிய டிராலிப் பெட்டிகளுக்கு இந்த ரயிலில் இடமில்லை. பெஞ்சுக்கு அடியில் நுழையும் அளவுக்கு ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். ஸ்வெட்டரை அதன் மேல்பக்கம் வையுங்கள். ஏறும்போது கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், இறங்கும்போது 2,203 மீட்டர். குன்னூருக்கு முந்தைய ரன்னிமேடு நிலையம் தாண்டும்போதே ஜன்னல் காற்று கடிக்கத் தொடங்கிவிடும்.

இனி பயணம். முதல் 8 கிலோமீட்டர் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரணப் பாதை. கல்லாறு வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சக்கரங்களை உருட்டும். பற்சட்டம் தொடங்கியதும், அந்த இரண்டில் வேலை முடித்த நீராவி மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். புகைபோக்கிச் சத்தமே மாறிவிடும். ஒரே தாளமாக இருந்தது இரட்டைத் தாளமாகி, வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு இறங்கும். பற்சட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதற்காக ஆப்ட் (Abt) என்ற பற்சட்ட முறையில் செய்த ஏற்பாடு இது. 12.28 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றத்தில் ரயில் பின்னுக்கு வழுக்காமல் நிற்பது இதனால்தான்.

இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன்பெட்டிக்காரர் பச்சைக்கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கைமாறி இன்ஜினுக்குப் போகும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் திறந்த பாதை இது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த இன்ஜின்களோடு, நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவையும் ஓடுகின்றன. பொன்மலை என்ற பெயரை இன்ஜினில் பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கும். 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கிவிடுவார்கள். டீ, வடை கிடைக்கும். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், ஆகவே ஜன்னலோரத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு இறங்காதீர்கள். இன்ஜின் பக்கம் படம் எடுக்கப் போகிறவர்கள் ஊதல் கேட்டதும் ஓடி வர வேண்டும். ஊதியபின் அதிக நேரம் தர மாட்டார்கள். குகைக்குள் தலையோ கைபேசியோ வெளியே இருக்கக் கூடாது, சுவர் மிக நெருக்கம்.

குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்று டீசல் வந்து மாட்டும். பற்சட்டம் அத்தோடு முடிந்தது. அதன்பின் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் படிப்படியாக இறங்குவது அழகு. மற்றபடி இது வேகமான, அமைதியான பகுதி. மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைக்காதவர்கள் பஸ்ஸில் குன்னூர் வந்து இந்த 19 கிலோமீட்டரை மட்டும் போகலாம். ஒரு நாளைக்குப் பல ரயில்கள் உண்டு. ஆறுதல் பரிசு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அன்றே திரும்பும் திட்டம் வேண்டவே வேண்டாம். ஊட்டி சேரும்போது நண்பகல், கீழே இறங்கும் ரயில் 2 மணிக்கு. நடுவில் சாப்பிட மட்டும்தான் நேரம். இரண்டு இரவு தங்குங்கள். உறைபனி பார்க்க வேண்டுமானால் முந்தைய இரவு மேகமும் காற்றும் இல்லாமல் இருக்க வேண்டும். காலை ஆறரைக்கெல்லாம் காந்தல் அல்லது தலைக்குந்தா பக்கப் புல்வெளிகளில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் சில நிமிடங்களில் கரைந்துவிடும்.

திரும்பும்போதும் ரயில் வேண்டுமா என்று கேட்டால், இறங்கு பயணத்தில் இன்ஜின் உழைக்கும் சத்தம் இருக்காது, மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வழிக்கு மட்டும் டிக்கெட் கிடைத்தால் ஏறுவதற்கே வாங்குங்கள். இறங்குவதற்குக் கோத்தகிரி வழி பஸ் பிடித்தால் புதுப் பாதையும் பார்த்ததாகும்.

மண்சரிவால் ரயில் ரத்தானால் டிக்கெட் பணம் முழுதும் திரும்ப வரும், விடுதிப் பணம் வராது. ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் அடிக்கடி இருப்பதால் பயணம் நின்றுபோகாது. நண்பர்களில் யாராவது காரில் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால் அந்த வண்டி மாவட்டத்துக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும், ரயில் பயணிகளுக்கு அது தேவையில்லை. மாவட்டம் முழுதும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, பிடித்தால் அபராதம். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.